எடைமேடையில் ஓர் ஆட்சேபம்

என் நாத்தனார் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. காரணம் சொத்து இல்லை, நகை இல்லை, கல்யாண வீட்டில் யாரோ யாரையோ "வாங்க" என்று கேட்காமல் விட்ட விவகாரமும் இல்லை. பூசணிக்காய். சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் வெளியே சொல்வதில்லை. என் தையல் கடைக்கு வரும் பெண்கள், "என்ன, உங்க நாத்தனாரைக் கண்ணுலயே காணோம்?" என்று கேட்டால் சட்டென்று இரண்டு குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்வேன். வாயில் குண்டூசி இருப்பவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வசதி அது.

எங்கள் இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. என் கொல்லைக்கும் அவள் கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். அவள் என் கணவரின் தங்கை. ஆனால் அதற்கும் முன்பே என் பள்ளிக்கூடத் தோழி, ஒரே பெஞ்சு. தன் அண்ணனுக்கு என்னைத் தலையில் கட்டி வைத்தவளே அவள்தான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவளுடைய வேலை. பகல் முழுவதும் யார் பக்கத்திலாவது உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திவிட்டு வருவாள். சாயங்காலம் அதே குரலில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஊர்க்கதை பேசுவாள். இந்தப் பக்கம் நான் பட்டன் தைத்துக்கொண்டே கேட்பேன். இப்படி இருபது வருஷம் ஓடியது.

பூசணியை ஆரம்பித்ததும் சேர்ந்துதான். ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை ராட்சதப் பூசணிப் போட்டி நடக்கும். சாதாரணக் காய் இல்லை. முந்நூறு கிலோ, நானூறு கிலோ. பார்த்தால் யாரோ காற்றடித்து வைத்ததுபோல் இருக்கும். முதல் வருஷம் வேடிக்கை பார்க்கப் போனோம். அடுத்த வருஷம் ஆளுக்கு ஒரு செடி வைத்தோம். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. என் பைத்தியம் கொஞ்சம் முற்றியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள், நான் இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தேன்.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. காய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தோல் பிளந்து உள்ளே இருக்கும் வெற்றுக்கூடு வரை ஓட்டை விழுந்திருந்தால் அது செல்லாது. ஓட்டையை மெழுகு, பசை என்று எதையாவது வைத்து அடைத்திருந்தால் அது மோசடி. அதனால் ஒவ்வொரு காயையும் எடைமேடையில் ஏற்றியதும் நடுவர் சுற்றிவந்து பார்ப்பார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஆட்சேபம் உண்டா?" என்று மூன்று தடவை கேட்பார். வளர்ப்பவர்கள் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம். ஆனால் யாரும் தூக்கியதாகச் சரித்திரம் இல்லை.

நான் தூக்கினேன். போன வருஷம் அவள் காய் மேடையில் இருந்தபோது, காம்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஏதோ பளபளவென்று மின்னியது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நடுவர் மூன்றாவது தடவை கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. கையோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. வாயும் கூடவே கிளம்பிவிட்டது.

"விரிசல்ல மெழுகு வச்சு அடைச்சிருக்கா. நல்லாப் பாருங்க!"

நடுவர் நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "இது பிசினும்மா. காயே வடிச்சது. இங்க ஒரு கீறல்கூட இல்ல" என்றார். மூக்கு உடைவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். முறைத்திருந்தால் பதிலுக்கு நானும் முறைத்திருப்பேன், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் முறைக்கவில்லை. லைசென்ஸ் வாங்கிய மறுநாளே வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதிய மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவளுக்குத்தான் முதல் பரிசு. பூசணிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: தோற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் ஜெயித்தவருக்குக் கைகொடுத்து ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். என்ன சண்டையாக இருந்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். நான் செய்யவில்லை. பின்வாசல் வழியாக நழுவி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் பேசவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்தச் சொல் எனக்கு வராது. தொண்டை வரை வரும், அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒரு ரவிக்கையை நான் கெடுத்துவிட்டால் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுப்பேனே தவிர, தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. இது பெருமை இல்லை. என் கணவர் இதை வியாதி என்கிறார்.

அதனால் வேறு வழி யோசித்தேன். இந்த வருஷம் நான் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் அவள் என் முன்னால் வந்து கைகொடுத்து ஒரு வார்த்தை சொல்லித்தான் தீர வேண்டும். ஒரு வார்த்தை போதும். மிச்சத்தை நான் பிடித்து இழுத்துக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் நானூறு கிலோ வளர்க்கத் தயாரானேன்.

விதையின் ஓரத்தை நகம் தேய்க்கும் அட்டையால் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துணி அலமாரிக்குள் ஒரு பல்பைப் போட்டு அதன் சூட்டில் முளைக்க வைத்தேன். வாடிக்கையாளர்களின் துணிகளெல்லாம் நாற்காலிகளுக்கு இடம் மாறின. கொல்லையில் ஆளை நிறுத்திப் புதைக்கிற அளவுக்குக் குழி தோண்டி எருவும் இலைமக்கும் நிரப்பினேன். கொடி ஓட ஓட, கணுவுக்குக் கணு மண்ணைப் போட்டு மூடினேன். மூடிய இடத்திலெல்லாம் புதுவேர் விடும், அத்தனை வேரும் ஒரே காய்க்கு ஊட்டும். பக்கக் கொடிகளை அளவு வைத்து வெட்டினேன். வெட்டுவதில் எனக்குக் கை தவறாது. அங்கேதான் என் புத்தி கொஞ்சம் அதிகமாக வேலை செய்துவிட்டது.

பூசணியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. ஆண்பூவால் காய் வராது. அது சத்தைத் தின்கிறது என்று எனக்கு எரிச்சல். மொட்டு வர வர ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், தலைக்கொடியில் பத்தடி தள்ளி, எல்லாரும் ஏங்கும் அதே இடத்தில், எலுமிச்சை அளவு பிஞ்சோடு ஒரு பெண்மொட்டு மறுநாள் விரியத் தயாராக நின்றது. வண்டு புகுந்து கண்ட மகரந்தத்தையும் கொட்டிவிடாமல் அதன் வாயை நூலால் கட்டினேன். கட்டி நிமிர்ந்து ஆண்பூவைத் தேடினால், செடி முழுவதும் ஒன்றுகூட இல்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் பதறமாட்டார். பதினான்காம் மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டே வீட்டுக்கு என்ன வாங்க வேண்டும் என்று போனில் கேட்கிறவர். அவர் வந்து கொடியைப் பார்த்தார்.

"பொண்ணு ரெடி. மாப்பிள்ளைய எல்லாம் நீயே கிள்ளிப் போட்டுட்ட" என்றார்.

"உங்க தங்கச்சி வீட்டுல வரிசையா நிக்குதே. போய் ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க."

போனார். போன வேகத்திலேயே திரும்பினார். "பூ வேணும்கிறவங்க வந்து கேக்கட்டும்கிறா."

"அப்படி ஒண்ணும் எனக்கு வேணாம்னு சொல்லுங்க."

"அத நீயே சொல்லு. அவ சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறா. எல்லாம் காதுல விழுந்துட்டிருக்கு."

அந்தப் பூ ஒரே ஒரு காலைப் பொழுதுதான் விரியும். பத்து மணிக்கு மேல் வாடிவிடும். விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, தெருவைச் சுற்றி, அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். சுவரைத் தாண்டினால் நாலே அடிதான். ஆனால் கேட்கப் போகிறவள் சுவரேறிக் குதிப்பது நன்றாக இருக்காது. அவள் கதவைத் திறந்தாள். நான் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்து, "ஒரு ஆண்பூ வேணும்" என்றேன். அவள் உள்ளே போனாள். கத்தரிக்கோலோடு கொல்லைக்குப் போய், இருந்ததிலேயே நல்ல பூவாக மூன்று வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒண்ணு போதும்" என்றேன், எதையாவது கிளப்பலாம் என்று. அவள் கதவைச் சாத்திவிட்டாள். மூன்று பூவையும் இதழ் உரித்து, என் பெண்பூவின் கட்டை அவிழ்த்து அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்தேன். எனக்கு அழுகை வந்தது. தூக்கம் கெட்டதால் என்று கணவரிடம் சொன்னேன். அவர் நம்பியதுபோல் தலையாட்டினார்.

காய் பிடித்தது. பிடித்தது என்றால் சும்மா இல்லை. முதல் இரண்டு வாரம் தேங்காய் அளவு, கூடை அளவு என்று ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு நாளுக்குப் பதினைந்து கிலோ ஏறத் தொடங்கியது. காலையில் வைத்த அடையாளக் குச்சியைச் சாயங்காலம் தள்ளிவிட்டிருக்கும். அடியில் மணல் பரப்பி வைத்திருந்தேன், நகர்ந்து வளர வசதியாக. மேலே வெயில் படாமல் படுக்கை விரிப்பால் கூரை. என் அளவுநாடா அறுபது அங்குலம்தான். ஒன்று போதாமல் இரண்டு, இரண்டு போதாமல் மூன்று என்று தைத்து இணைத்துக்கொண்டேன். இடுப்புச் சுற்றளவு ஒன்று, மேலாகத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒன்று, குறுக்காக ஒன்று. மூன்றையும் கூட்டிப் பூசணிக்காரர்களின் எடைப் பட்டியலில் பார்த்தால் எத்தனை கிலோ இருக்கும் என்று தெரிந்துவிடும். கடைக்கு வரும் பெண்களுக்கு அளவெடுக்கும்போது பழக்க தோஷத்தில், "நேத்தைக்கு இன்னைக்கு நாலு அங்குலம் கூடியிருக்கு" என்று ஒருத்தியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் அதற்கப்புறம் வரவில்லை.

கணவர் காய்க்குக் குண்டம்மா என்று பெயர் வைத்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்கிறாரோ இல்லையோ, குண்டம்மாவைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பக்கம் நாத்தனாரின் காயும் விடாமல் வளர்ந்தது. அவள் துணி காயப்போடும் சாக்கில் என் காயைப் பார்ப்பாள். நான் துணி எடுக்கும் சாக்கில் அவள் காயைப் பார்ப்பேன். ஒரே துண்டை அவள் ஒரு நாளில் மூன்று தடவை காயப்போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று இருந்தது. ஜெயிக்கட்டும், அப்புறம் எங்கே போவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அளவெடுத்தேன். நானூற்று முப்பதைத் தாண்டியது. அவள் காய் கண் அளவில் நானூற்றுப் பதினைந்து, மிஞ்சினால் இருபது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் மூன்று நாள் விடாமல் மழை. காய்ந்து கிடந்த மண் திடீரென்று தண்ணீரைக் குடித்தால் காய்க்கு ஆகாது. மழை விட்டதும் ஓடிப்போய், குனிந்து, அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினேன். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. மேல்தோலோடு நின்றிருந்தால் பரவாயில்லை என்று, கோணி தைக்கும் நீள ஊசியைக் கொண்டுவந்து மெல்லச் செலுத்தினேன். எங்கேயாவது முட்டும் முட்டும் என்று பார்த்தேன். எங்கேயும் முட்டவில்லை. ஊசி முழுவதும் உள்ளே போய்விட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தையல்காரர்கள் ஒரு மெழுகுக் கட்டி வைத்திருப்போம். அதை உருக்கிக் கொண்டுவந்து பிளவை நிரப்பி, விரலால் வழித்து, தோலின் நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் சாக்பீஸ் பொடியும் தேய்த்தேன். போன வருஷம் எதைச் செய்ததாக ஊர் முன்னால் அவளைக் கை காட்டினேனோ, அதையே, அச்சு அசலாக, நான் செய்தேன். வேலை சுத்தமாக இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

போட்டியன்று காலை குண்டம்மாவைக் கிளப்ப வேண்டும். என் கொல்லைக்கு லாரி வர வழி இல்லை. அவள் கொல்லையில்தான் பெரிய கேட். அதனால் எல்லா வருஷமும் என் காய் சுவரைத் தாண்டி அவள் பக்கம் போய்த்தான் வண்டி ஏறும். கணவர் சுவருக்கு மேலாக ஓர் இரும்பு உத்தரம் கட்டி, அதில் ஓடும்படி சங்கிலிக் கப்பியை மாட்டியிருந்தார். காயைச் சுற்றிப் பட்டைகளைப் பூட்டி, சங்கிலியை இழுக்க இழுக்க, குண்டம்மா மணலை விட்டு எழுந்தாள். நாலு மாதம் படுத்துக் கிடந்தவள் அந்தரத்தில் தொங்கி ஆடியபோது எனக்கே பெருமையாக இருந்தது. சுவருக்கு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கும்போது சங்கிலி சிக்கிக்கொண்டது.

"அஞ்சு நிமிஷம். யாரும் தொடாதீங்க" என்றார் கணவர்.

குண்டம்மா நின்ற உயரம் சரியாக என் நாத்தனாரின் முகத்துக்கு நேராக இருந்தது. பிளவு இருந்த பக்கம் அவள் பக்கம். சாய்வான காலை வெயில் நேராக அதில் விழுந்தது. காய் ஆடிக் கொஞ்சம் திரும்பியபோது சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்கே தெரிந்தது, மெழுகு பளபளவென்று மின்னியது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"லாரில போட ஒரு மெத்தை எடுத்துட்டு வா" என்று கணவர் மேலேயிருந்து கத்தினார். நல்லவேளை என்று வீட்டுக்குள் ஓடினேன். மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் காயை விட்டு விலகி, கைகளைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டாள் என்று நினைத்தேன். சரி, இன்றைக்கு அவள் முறை. அவள் கையைத் தூக்குவாள். எனக்கு அது வேண்டியதுதான்.

போட்டி ஒரு பெரிய கிடங்கில். பதினெட்டுக் காய்கள், ஒவ்வொன்றும் மரத்தட்டின் மேல், ஆளுக்கு ஆள் பெருமை தாங்காமல். அவள் காய் எனக்கு முன்பே ஏறியது. நானூற்றுப் பதினேழு. எல்லாரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் ஒருவர், நாலு வருஷமாகக் கடைசியில் வந்துகொண்டிருந்தவர், அவர் காய் யாரும் எதிர்பார்க்காமல் நானூற்று இருபத்தொன்பது காட்டியது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அடுத்தவர்கள் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், அன்றைக்குத் தன் வாயை மூட மறந்துவிட்டார். கடைசியாகக் குண்டம்மா ஏறினாள். நானூற்று முப்பத்தெட்டு.

கூட்டம் ஆர்ப்பரித்தது. நடுவர் டார்ச்சோடும், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியோடும் சுற்றிவந்தார். காம்பைப் பார்த்தார். பக்கங்களைப் பார்த்தார். குனிந்து அடியில் கண்ணாடியை நீட்டினார். எழுந்தார். "அடியில மணல்தான். வேற ஒண்ணும் இல்ல" என்று எழுதிக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. காலையில் அத்தனை தூரத்திலிருந்து கண்ணைப் பறித்தது இவர் கண்ணில் எப்படிப் படாமல் போனது? சரி, என் நேரம் என்று நினைத்தேன்.

"ஆட்சேபம் உண்டா?"

அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளும் மடியில்.

"ஆட்சேபம் உண்டா?"

அவள் கிடங்கின் கூரையைப் பார்த்தாள். தகரம் எண்ணுகிறாளோ என்னவோ. கை மடியை விட்டு அசையவில்லை. தூக்கு, தூக்கித் தொலை என்று எனக்குள் கத்தினேன். அவள் தூக்கியிருந்தால் நான் அவமானப்பட்டு, அழுது, ஒரு வழியாகத் தப்பித்திருப்பேன். அவள் தூக்கவில்லை. பார்த்தும், தெரிந்தும், சும்மா உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒருத்தியைப் போய் ஊர் முன்னால் கை காட்டினேனே என்று நினைத்தபோது என் நெஞ்சு வலித்தது, நிஜமாகவே வலித்தது.

"மூணாவது தடவை. ஆட்சேபம்..."

"எனக்கு இருக்கு" என்றேன். கையும் மேலே போயிருந்தது.

நடுவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது உங்க காய்ம்மா."

"தெரியும்."

"உங்க காய்மேல நீங்களே ஆட்சேபம் சொல்றீங்களா?"

"ஆமா. அடியில ஓட்டை இருக்கு. உள்ள வரைக்கும். நான்தான் மெழுகு வச்சு அடைச்சேன்." பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். கிளம்பிய வாய் இனி நிற்கப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. "இன்னொண்ணு. போன வருஷம் இதே இடத்துல நின்னு என் நாத்தனார் மோசடி பண்ணினான்னு சொன்னேன். அவ பண்ணல. நான் வயித்தெரிச்சல்ல சொன்னேன். தப்பு என்மேல." பிறகு அந்தச் சொல் வந்தது. தொண்டையிலிருந்து எழுந்து, எப்படியோ தட்டுத் தடுமாறி வெளியே வந்துவிட்டது. "மன்னிச்சிடு."

நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தன் காயைத் தானே காட்டிக்கொடுப்பவருக்கு என்ன செய்வது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் குண்டம்மாவை நீக்கினார்கள். கப்பு பல் டாக்டருக்குப் போனது. தோற்றவர்கள் வரிசையில் நின்று கைகொடுத்தோம். இந்தத் தடவை நான் ஓடவில்லை. அவருடைய கையைக் குலுக்கி, "நல்ல காய்" என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்ததுபோல் "தேங்க்ஸ்" என்றார். எனக்கு முன்னால் நின்ற என் நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்டாயிற்று, காயும் போயிற்று, அவளும் பேசவில்லை. இதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

லாரியின் பின்பக்கம் ஏறி, குண்டம்மாவில் சாய்ந்து மெத்தையில் உட்கார்ந்துகொண்டேன். முன்னால் கணவர் கிளம்பத் தயாராக இருந்தார். யாரோ பின்பக்கம் ஏறும் சத்தம் கேட்டது. அவள்தான். மூச்சு வாங்கிக்கொண்டே என் எதிரில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்காடி?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மெழுகு வைக்கத் தெரியாதவ எதுக்குடி வைக்கிற? பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஈர மணலை எடுத்து ரெண்டு கையாலயும் அப்பி அப்பி மறைச்சேன், அண்ணன் சங்கிலிய எடுக்கிறதுக்குள்ள. நகமெல்லாம் போச்சு. ஜட்ஜே ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாரு. நீயா எந்திரிச்சு எல்லாத்தையும் கெடுக்குற!"

"நீயா?" என்றேன். "நீ எதுக்கு மறைக்கணும்? உன் காய் தோத்துப் போகுமே."

"தோத்தா என்ன? மூணு கப்பு வீட்டுல தூசி பிடிச்சுக் கிடக்கு." அவள் குரல் உடைந்தது. "நீ ஜெயிச்சாத்தானேடி நான் வந்து கைகொடுத்து ஒரு வார்த்தை சொல்ல முடியும். வேற எப்படி நான் பேச ஆரம்பிக்கிறது? நானே வந்து பேசினா எனக்கு மானம் போகாதா? ஒரு வருஷமா அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன். நல்ல பூவாப் பாத்து மூணு குடுத்தேனே, எதுக்குன்னு நெனச்ச?"

நான் அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே மெத்தையில் என்னைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் போன வருஷம் நடந்ததிலிருந்து ஆரம்பித்துத் திட்டினாள். நான் அவளைக் கை காட்டியதும் அவள் காதில் என்ன கேட்டது, வீட்டுக்கு வந்து எத்தனை நாள் சாப்பிடவில்லை, எத்தனை தடவை சுவரோரம் வந்து திரும்பிப் போனாள் என்று ஒன்று விடாமல். நடுநடுவே அவளிடம் கார் பழக வந்த ஒரு கிழவர் அவளையே கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட கதையும் வந்தது. அவளுக்குச் சொல்ல ஒரு வருஷக் கதை பாக்கி இருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

கணவர் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "கிளம்பலாமா?"

"அண்ணா, பேசிட்டிருக்கோம், தெரியல?" என்றாள் அவள்.

அவர் போய் எஞ்சினை அணைத்தார். அப்படியே எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னார். திரும்பி வந்து பார்த்துவிட்டு, இன்னொரு டீ குடிக்கப் போனார்.